கப்பலேறிப் போன தீவு

பனாபாவில் அந்தக் காலத்தில் தண்ணீர் எடுக்கப் பெண்கள் மட்டும்தான் போகலாம். ஆறோ குளமோ இல்லாத தீவு அது. பெய்கிற மழை சுண்ணாம்புப் பாறையின் இடுக்குகளில் இறங்கி, நிலத்துக்கு அடியில் இருக்கும் குகைகளில் போய்த் தேங்கும். 'தே பங்கபங்கா' என்று அந்தக் குகைகளைச் சொல்வார்கள். பல இடங்களில் நிமிர்ந்து நிற்க முடியாது. பெண்கள் தீவட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தும் தவழ்ந்தும் உள்ளே போய், முழுத் தேங்காய் ஓடுகளில் நீரை மொண்டு நிரப்பி, அதே இருட்டில் திரும்பி வருவார்கள். 1870களில் ஆண்டுக்கணக்கில் மழை பொய்த்தபோது குகைகளும் வற்றின. மக்களில் பெரும்பகுதியினர் செத்துப்போனார்கள். பலர் அந்தப் பக்கம் வந்த கப்பல்களில் ஏறிப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகும் தீவை விடாமல் இருந்தவர்கள், சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று 1900-ம் ஆண்டில் அங்கே ஏறக்குறைய 450 பேர் இருந்தார்கள்.

அந்த 450 பேருடைய மண்ணுக்கு என்ன ஆனது என்பதைத்தான் எழுத வருகிறேன். காலனி ஆட்சியில் நிலத்தைப் பிடுங்கியது பற்றி நாம் எவ்வளவோ படித்திருக்கிறோம். பிடுங்கிய நிலம் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு தலைமுறை தோற்றாலும் அடுத்த தலைமுறை போராடி மீட்கலாம். பனாபாவில் அந்த வழியும் அடைபட்டது. நிலத்தையே வெட்டிக் கப்பலில் ஏற்றி வேறு நாட்டு வயல்களில் தூவிவிட்டார்கள். இதை நடத்தப் பெரிய போர் எதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காகிதம் வந்தது. பிரிட்டிஷ் ஆட்சி காலம் முழுக்க, காகிதத்தை வைத்துத்தான் காரியத்தை முடித்தார்கள்.

பசிபிக் பெருங்கடலின் நடுவில், பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது பனாபா. பரப்பளவு 6 சதுர கிலோமீட்டர்தான். நடுவில் நிலம் 80 மீட்டர் வரை உயரும். ஐரோப்பியர் வைத்த பெயர் ஓஷன் தீவு. பக்கத்துத் தீவு என்றால் மேற்கே 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நவ்ரு. தபியாங், தப்வேவா, ஊமா, புவாகோனிகாய் என்று நான்கு ஊர்கள். தென்னையும் தாழையினத்து மரங்களும் நாட்டு வாதுமையும்தான் நிலத்தின் விளைச்சல். மீதி எல்லாம் கடல் கொடுப்பது. கப்பற்பறவை என்ற பெரிய கடற்பறவைகளைக் கண்ணி வீசிப் பிடித்துப் பழக்குவது ஆண்களுக்குப் பெரிய விளையாட்டு. கடலோரத்தில் கல்லடுக்கி மேடை கட்டி அதற்கென்றே காத்திருப்பார்கள். அங்கே ராஜா கிடையாது. ஒவ்வொரு சடங்கையும் நடத்தும் உரிமை ஒவ்வொரு குடும்பத்துக்கு, ஒவ்வொரு துண்டு நிலமும் தனித்தனி ஆளுக்கு. பெண்களுக்கும் நிலம் உண்டு. தீவு முழுவதற்கும் சேர்த்துப் பேச ஒருவருக்கும் அதிகாரம் இருக்கவில்லை.

இந்தக் கடைசி விஷயம் முக்கியமானது. ஏனென்றால் முதல் காகிதமே அதன் மேல்தான் எழுதப்பட்டது.

சிட்னியில் பசிபிக் ஐலண்ட்ஸ் கம்பெனி என்று ஒரு நிறுவனம். நவ்ருவிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு கல்லைக் கதவு சாத்தாமல் இருக்க அங்கே அண்டைக் கொடுத்து வைத்திருந்தார்கள். கல்லாகிப்போன மரம் என்று நினைத்திருந்தார்கள். 1899-ல் அங்கே வேலை செய்த ஆல்பர்ட் எல்லிஸ் என்ற இளைஞருக்கு அதன்மேல் சந்தேகம் வந்து, ஒரு துண்டை உடைத்துச் சோதித்தார். உரம் செய்ய உதவும் உயர்தரப் பாஸ்பேட். நவ்ரு அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தது. அதே மாதிரி மண்ணமைப்புள்ள ஓஷன் தீவு எந்த வல்லரசின் கையிலும் இல்லை. எல்லிஸ் உடனே கப்பலேறினார்.

1900 மே 3-ம் தேதி தீவில் இறங்கினார். இறங்கிய அன்றே ஒப்பந்தம் முடிந்துவிட்டது. தெமாத்தி என்பவரைத் தீவின் ராஜா என்று எழுதிக்கொண்டு, அவரோடு கரியாதபேவா என்ற இன்னொருவரையும் சேர்த்துக் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட வைத்தார். தீவில் உள்ள பாஸ்பேட் முழுவதையும் வெட்டி ஏற்றுமதி செய்யும் உரிமை கம்பெனிக்கு மட்டும். காலம் 999 ஆண்டுகள். அதற்கு ஈடாக ஆண்டுக்கு 50 பவுண்டு, அல்லது அந்த மதிப்புக்குச் சாமான்கள். சாமான்களின் விலையைக் கில்பர்ட் தீவுகளில் நடப்பில் உள்ள விலைப்படி கம்பெனியே போட்டுக்கொள்ளும்.

999 ஆண்டுகள் என்ற எண்ணில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். தஞ்சைப் பெரிய கோவில் கட்டி முடித்ததிலிருந்து இன்றுவரை கணக்குப் போட்டால்தான் அது எவ்வளவு நீளம் என்று புரிகிறது. அவ்வளவு நீளத்துக்கு ஒரு மக்கள் கூட்டத்தின் நிலத்தை, அவர்கள் சார்பில் பேச உரிமையே இல்லாத ஒருவரிடம், ஒரே நாளில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். தென்னையும் மற்ற பயிர்களும் இருக்கும் இடத்தில் கை வைக்கக் கூடாது என்று ஒரு வரியும் அதில் இருந்தது. அந்த வரியை நம்பித்தான் தீவுக்காரர்கள் ஒத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மரம் இல்லாத கல்லாங்குத்து நிலத்தை யாரோ வெட்டிக்கொண்டு போவதில் அவர்களுக்கு என்ன நஷ்டம் தெரிந்திருக்கும்?

அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் கொடி ஏறியது. பாஸ்பேட் இருக்கிறது என்பதற்காக மட்டுமே அந்தத் தீவைக் கில்பர்ட், எல்லிஸ் தீவுகளோடு (இன்றைய கிரிபட்டி, துவாலு) சேர்த்தார்கள். சில ஆண்டுகளில் மொத்தத் தீவுக்கூட்டத்துக்கும் தலைமையிடத்தை அங்கேயே மாற்றிவிட்டார்கள். மக்களைக் காக்க வேண்டிய பிரிட்டிஷ் அதிகாரியான ரெசிடென்ட் கமிஷனரின் பங்களாவும் கம்பெனியின் சுரங்கமும் ஒரே 6 சதுர கிலோமீட்டருக்குள். காலனி அரசின் வருமானமோ பெரும்பகுதி அந்தச் சுரங்கத்திலிருந்து. யார் பக்கம் தீர்ப்பு சாயும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

இவ்வளவு ஆவேசம் எதற்கு என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் நெல்லுக்கு அடியுரமாக 'சூப்பர்' மூட்டை வாங்குவார்கள். அந்தச் சாம்பல் நிறக் குருணை எங்கிருந்து வருகிறது என்று சின்ன வயதில் நான் யோசித்ததே இல்லை. எல்லா உரமும் ஃபாக்டரியில் பிறப்பது என்றே நினைப்பு. தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, காற்றிலிருந்து எடுத்துவிடலாம். மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, அப்படி எடுக்க முடியாது. அதற்குப் பாறை வேண்டும். பாஸ்பேட் பாறையைப் பொடியாக்கிக் கந்தக அமிலம் சேர்த்தால் சூப்பர் பாஸ்பேட். ஆஸ்திரேலியாவின் மண் மணிச்சத்து குறைந்த, மிகப் பழைய மண். அங்கே கோதுமை விளையவும், நியூசிலாந்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் புல் வளரவும் இந்த உரம் இல்லாமல் முடியாது. அந்த இரண்டு நாடுகளின் வெண்ணெய், கம்பளி, கோதுமை எல்லாவற்றின் அடியிலும் நவ்ருவும் பனாபாவும் கிடக்கின்றன. (நம் ஊர் மூட்டைக்கான பாறை வேறு இடங்களிலிருந்து வருவது, பனாபாவின் கதை அந்த இரண்டு நாடுகளோடும் லண்டனோடும்தான்.)

சில ஆண்டுகளிலேயே மரம் இல்லாத நிலம் தீர்ந்து, சுரங்கம் தோப்புகளை நெருங்கியது. பனாபர்கள் நிலம் கொடுக்க மறுத்தார்கள். 1913-ல் ஒரு புது ஒப்பந்தம்: ஏக்கருக்கு ஒரு விலை, டன்னுக்கு 6 பென்ஸ் ராயல்டி, வெட்டி முடித்த நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மரங்களை மீண்டும் நட்டுக் கொடுக்க வேண்டும். இந்த நடவு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து கம்பெனியையே வாங்கிவிட்டன. 'பிரிட்டிஷ் பாஸ்பேட் கமிஷனர்கள்' என்று அதற்குப் பெயர். லாபம் வைக்காமல், அடக்க விலைக்கே தங்கள் விவசாயிகளுக்குப் பாஸ்பேட் கொடுப்பது அதன் கொள்கை. விவசாயிக்கு நல்ல காரியம்தான். ஆனால் விற்பனை விலையை உலகச் சந்தைக்குக் கீழே வைத்தால், நிலத்துக்காரனுக்குக் கிடைக்க வேண்டிய பங்கும் கூடவே கீழே போகும். அந்த மலிவுக்கான விலையைப் பனாபர்கள் கொடுத்தார்கள்.

1920களின் கடைசியில் இன்னும் 150 ஏக்கர் கேட்டார்கள். புவாகோனிகாய் ஊர்க்காரர்கள் முடியாது என்றார்கள். அப்போது ரெசிடென்ட் கமிஷனராக இருந்தவர் ஆர்தர் கிரிம்பிள். கில்பர்ட் மொழி நன்றாகத் தெரிந்தவர், தீவு மக்களின் பழக்கவழக்கங்களை ஆராய்ந்தவர், பிற்காலத்தில் பசிபிக் வாழ்க்கையைப் பற்றி அன்பொழுக எழுதியும் வானொலியில் பேசியும் பிரிட்டனில் பெரும் புகழ் பெற்றவர். அவர் 1928 ஆகஸ்ட் 5-ம் தேதி புவாகோனிகாய் மக்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே ஒரு கடிதம் எழுதினார்.

ரெசிடென்ட் கமிஷனராக உங்களோடு பேச வழியில்லாமல் செய்துவிட்டீர்கள், பேரரசின் பெரிய தலைவரை அவமானப்படுத்திவிட்டீர்கள், ஆகவே உங்கள் நீண்ட நாள் நண்பனாக எழுதுகிறேன் என்று தொடங்குகிறது அது. இது வாழ்வா சாவா விஷயம் என்கிறார். கையெழுத்துப் போட்டால் மன்னிப்பு கிடைக்கும், எந்த நிலம், எவ்வளவு பணம் என்பதும் நிச்சயமாகும். போடாவிட்டால் நிலம் போகாது என்று நினைக்கிறீர்களா, கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள், பேரரசுக்காக அதைக் கட்டாயமாக எடுத்துக்கொள்வார்கள் என்கிறார். கடைசியில் பின்குறிப்பு ஒன்று. வரும் செவ்வாய்க்கிழமை 7-ம் தேதி கையெழுத்துப் போட உங்களை அழைப்பார்கள். எல்லாரும் போட்டால் தண்டனை இல்லை. போடாவிட்டால் தண்டிப்பது பற்றி யோசிக்க வேண்டிவரும். சுரங்கத்துக்கு இடம் பண்ண புவாகோனிகாய் ஊரையே அழிப்பது பற்றியும் யோசிக்க வேண்டிவரும்.

நண்பன் எழுதிய கடிதம். மூன்று நாள் கூட அவகாசம் இல்லை. மொழி தெரியாத ஓர் அதிகாரி அதட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. அவமானம், மன்னிப்பு, தலைவர், நண்பன் என்ற சொற்கள் அந்த மக்களிடம் என்ன எடை பெறும் என்று அறிந்தவர், அந்த அறிவையே அவர்களுக்கு எதிராகத் திருப்பினார். ஒரு மக்களை நேசித்து அவர்கள் மொழியைக் கற்றவர்கள் மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. கிரிம்பிளுக்கு அதைக் கொடுக்க என்னால் முடியவில்லை.

அப்புறமும் அவர்கள் கையெழுத்துப் போடவில்லை. அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எழுத்தறிவு வந்து ஒரு தலைமுறையே ஆன, சில நூறு பேர் கொண்ட கூட்டம், பேரரசின் மிரட்டலைப் படித்துவிட்டு முடியாது என்றது. அதே ஆண்டு கொண்டுவந்த சட்டத்தின்படி 1931-ல் நிலத்தைக் கட்டாயமாக எடுத்தார்கள். தென்னைகளை வெட்ட ஆட்கள் வந்தபோது பெண்கள் மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மரங்கள் விழுந்தன.

வெட்டி முடித்த நிலத்தைப் படங்களில் பார்த்தால் மனிதர் காலடி வைக்கும் இடமாகவே தெரியாது. பாஸ்பேட் மண் சுண்ணாம்புப் பாறையின் பிளவுகளுக்குள் நிரம்பிக் கிடந்தது. மண்ணைச் சுரண்டி எடுத்ததும் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு உயரத்தில் கூர்கூரான பாறைத் தூண்கள் மட்டும் எஞ்சின. அவற்றுக்கு நடுவில் நடக்க முடியாது, நட முடியாது. குகைகளும் இடிந்தோ தூர்ந்தோ கெட்டோ போயின. தண்ணீர் என்பது கம்பெனி கொடுத்தால் உண்டு என்று ஆனது.

1942 ஆகஸ்டில் ஜப்பானியர் தீவைப் பிடித்தார்கள். அதிகாரிகளும் கம்பெனி ஆட்களும் பெரும்பாலும் அதற்கு முன்பே கப்பலேறிப் போயிருந்தார்கள். தீவுக்காரர்களை ஏற்றிச் செல்ல யாரும் வரவில்லை. ஜப்பானியர் அவர்களைப் பிரித்து நவ்ருவுக்கும் தராவாவுக்கும் குசாய் தீவுக்கும் அனுப்பினார்கள். வேலைக்காக நிறுத்திவைத்த ஏறக்குறைய 150 இளைஞர்களை, போர் முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, 1945 ஆகஸ்டில் கடலோரப் பாறைக்குக் கொண்டுபோய்ச் சுட்டுத் தள்ளினார்கள். கபுனாரே என்ற ஒருவர் மட்டும் கடலில் விழுந்து, குகைகளில் ஒளிந்து பிழைத்தார். அவருடைய சாட்சியத்தின் பேரில்தான் ஜப்பானியத் தளபதிக்கு மரண தண்டனை கிடைத்தது.

தீவு காலியாக இருந்தது. பாஸ்பேட் கமிஷனர்களுக்கு இதைவிட வசதியான நிலை வாய்த்திருக்காது. 1942-லேயே பிரிட்டிஷ் நிர்வாகம் ஃபிஜியில் ராம்பி என்ற தீவை லீவர் பிரதர்ஸ் நிறுவனத்திடமிருந்து 25,000 பவுண்டுக்கு வாங்கி வைத்திருந்தது. வாங்கிய பணம் பனாபர்களுடைய ராயல்டி நிதி. போருக்குப் பின் சிதறிக் கிடந்தவர்களைத் திரட்டி, உங்கள் ஊர்கள் எல்லாம் அழிந்துவிட்டன, திரும்பிப்போக முடியாது என்று சொல்லி, ட்ரயோனா என்ற கப்பலில் ஏற்றினார்கள். 1945 டிசம்பர் 15-ம் தேதி ராம்பியில் இறங்கியவர்களில் பனாபர்கள் 703 பேர். அதில் 318 பேர் குழந்தைகள். சுமார் 300 கில்பர்ட்காரர்களும் கூட வந்தார்கள். தங்குவதற்குக் கூடாரங்கள். புயல் மாதங்கள் அவை. பூமத்திய ரேகையின் வெயிலில் வாழ்ந்து, போரின் பட்டினியால் நைந்து வந்தவர்களுக்கு அந்த மழையும் குளிரும் தாங்கவில்லை. முதல் சில மாதங்களில் முதியவர்களும் குழந்தைகளும் இறந்தார்கள். திரும்பிப்போக முடியாது என்று சொல்லப்பட்ட தீவிலோ கமிஷனர்கள் சுரங்க வேலையைத் திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

1947-ல், விலைபேச ஓர் ஆலோசகர் கூட இல்லாமல், அவர்கள் மீதி நிலத்தில் 671 ஏக்கருக்குக் கையெழுத்துப் போட்டார்கள்.

ராம்பிக்கும் பூர்வகுடிகள் உண்டு என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 19-ம் நூற்றாண்டின் நடுவில், போரில் தோற்று அங்கிருந்து துரத்தப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் பக்கத்துத் தவெயுனி தீவில் வாழ்கிறார்கள். அவர்கள் இழந்த தீவைத்தான், தங்கள் தீவை இழந்தவர்கள் தங்கள் பணத்தில் வாங்கிக் குடியேறினார்கள். ஒரு அநியாயத்தை இன்னொன்றின் மேல் கொண்டுபோய் வைத்தது நிர்வாகம். பனாபர்கள் ராம்பியிலும் நான்கு ஊர்கள் அமைத்து, தபியாங், தப்வேவா, ஊமா, புவாகோனிகாய் என்றே பெயரிட்டார்கள்.

கோபம் அடங்கவில்லை. பாஸ்பேட்டிலிருந்து வந்த வரியிலும் ராயல்டியிலும் 85 சதவீதம் கில்பர்ட், எல்லிஸ் காலனிக்கு, 15 சதவீதம் நிலத்துக்காரர்களுக்கு என்பது 1960களின் கணக்கு. 1971-ல் அவர்கள் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மெதடிஸ்ட் போதகரான தெபுகே ரோத்தான் முன்னால் நின்றார். அவருடைய தந்தை ரோத்தான் தீத்தோ வாதிகளில் ஒருவர். 'தீத்தோ எதிர் வாடெல்' என்ற அந்த வழக்கைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். நீதிபதி மெகரி நேரில் பனாபாவுக்கே போய்ப் பார்த்தார். பிரிட்டிஷ் வரலாற்றிலேயே மிக நீண்ட சிவில் வழக்குகளில் ஒன்று அது. கிரிம்பிளின் கடிதம் அங்கே வாசிக்கப்பட்டது.

1976 கடைசியில் தீர்ப்பு. நிலத்தையும் ராயல்டியையும் பொறுத்தவரை அரசுக்கு இருந்தது ஆட்சிக்குரிய கடமை. அதை நீதிமன்றத்தின் மூலம் நிறைவேற்ற வைக்க முடியாது என்றார் மெகரி. அநியாயம் நடந்ததை அவர் மறைக்கவில்லை. தன்னால் சரிசெய்ய முடியாத தவறு இது என்று அட்டார்னி ஜெனரலின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1913-ன் நடவு விதி மட்டும் ஒப்பந்த மீறலாக நின்றது. ஆனால் மரம் நட மண் வேண்டுமே? மண்ணை வெளியிலிருந்து கப்பலில் கொண்டுவர வேண்டும், செலவு கட்டாது என்று வாதம் போனது. மரம் நடும்படி உத்தரவிட நீதிபதி மறுத்து, ஒரு சிறு தொகையை மட்டும் நஷ்டஈடாக்கினார். எடுத்துக்கொண்டு போனபோது செலவு கட்டுபடியாகாது என்று ஒருவரும் சொன்னதில்லை.

தீர்ப்புக்குப் பிறகு மூன்று அரசுகளும், எந்தப் பொறுப்பையும் ஏற்காமல், கருணைத் தொகையாக 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் தருவதாகச் சொன்னன. பனாபர்கள் பல ஆண்டுகள் அதைத் தொடவில்லை, 1981-ல்தான் வாங்கிக்கொண்டார்கள்.

நவ்ருவை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே பாஸ்பேட், அதே கமிஷனர்கள், அதே மாதிரி அழிவு. ஆனால் நவ்ரு 1968-ல் தனி நாடானது. அதனால் ஆஸ்திரேலியாவை சர்வதேச நீதிமன்றத்தில் நிறுத்த முடிந்தது, 1993-ல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஆனது. பனாபர்களும் தனியாகப் பிரிந்துபோகக் கேட்டார்கள். கேட்டது கிடைக்கவில்லை. நாடாக இல்லாதவர்களுக்கு, தங்கள் மேல் தவறிழைத்த அரசின் நீதிமன்றம் ஒன்றுதான் வாசல். சிறிய இனங்களின் பிரச்சினையில் நான் திரும்பத் திரும்ப முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

1979-ல் பாஸ்பேட் தீர்ந்து சுரங்கம் மூடியது. அதே ஆண்டு ஜூலையில் கில்பர்ட் தீவுகள் கிரிபட்டி என்ற பெயரில் சுதந்திரம் அடைந்தபோது பனாபாவும் அதற்குள் போனது. மொத்தம் 2 கோடி டன்னுக்கு மேல் வெளியேறியிருந்தது. தீவின் மேற்பரப்பில் 90 சதவீதம் சுரண்டப்பட்டிருந்தது. கிரிபட்டியின் அரசியல் சட்டத்தில் பனாபர்களுக்கென்று தனி அத்தியாயம் உண்டு. எங்கே வாழ்ந்தாலும் பனாபாவுக்குள் வரவும் வசிக்கவும் உரிமை, அவர்கள் நிலத்துக்குப் பாதுகாப்பு, ராம்பியின் தீவுக் கவுன்சில் நியமிக்கும் ஒருவருக்கு நாடாளுமன்றத்தில் இடம். ஆக, ஃபிஜி குடிமக்களாக இருந்துகொண்டு, 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் வேறொரு நாட்டின் சபைக்குப் பிரதிநிதியை அனுப்பும் மக்கள் அவர்கள்.

பனாபாவில் இப்போது சுமார் 300 பேர் இருக்கிறார்கள். கம்பெனி விட்டுப்போன கட்டடங்கள் துருப்பிடித்து நிற்கின்றன; அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் நிறைய. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் 2020 கடைசியில் பழுதாகி, வறட்சியும் சேர்ந்துகொண்டு, தண்ணீருக்குத் தவித்தார்கள். தோண்டிய நிலத்தைச் சீரமைக்கும் வேலையை மூன்று அரசுகளில் ஒன்றும் செய்யவில்லை.

2023-ல் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் பனாபாவில் மிச்சமிருக்கும் பாஸ்பேட்டைத் தேடிப் பார்க்கத் திட்டம் கொண்டுவந்தது. சீரமைப்பும் அதோடு சேர்ந்தே நடக்கும் என்றார்கள். ராம்பியில் உள்ளவர்களில் பலர் உடனே எதிர்த்தார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் நிலத்தைப் பற்றி யாரும் பேச்சு நடத்தக் கூடாது, முதலில் நடந்ததற்குப் பதில் சொல்லுங்கள் என்பது அவர்கள் நிலை.